தில்லிப் பள்ளியில் சேர்க்குமுன்: சமயக் கல்வி குறித்துப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பணிமாற்றத்தில் தில்லிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி தேடும்போது வீட்டிலிருந்து தூரம், கட்டணம், பேருந்து வசதி, தமிழ் பாடமாக உண்டா என்பவற்றையெல்லாம் விசாரிக்கின்றன; பள்ளியில் சமயம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. ஏப்ரலில் சேர்த்துவிட்டு, ஆகஸ்டு வாக்கில் பிள்ளை பொருள் தெரியாத ஒரு மந்திரத்தை வீட்டில் முணுமுணுக்கும்போதோ, டிபன் பெட்டியில் வைத்தனுப்பிய முட்டை தொடப்படாமல் திரும்பி வரும்போதோதான் விஷயம் தெரியவருகிறது. அதற்குள் ஆண்டுக் கட்டணம் கட்டியாகியிருக்கும். எனவே, என்னென்ன பார்க்க வேண்டும், எதற்குக் கையெழுத்திட வேண்டும், எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதல் படி: சட்டம் தரும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படுவது மூன்றாம் உட்பிரிவு: அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளி எதுவானாலும், அங்கே நடக்கும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு, பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி, எந்தச் சிறாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தில்லியிலும் நொய்டா, காஜியாபாத், குருகிராம், ஃபரீதாபாத் ஆகிய புறநகர்களிலும் நீங்கள் பார்க்கப்போகும் பள்ளிகள் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்றவையே என்பதால், இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு ஏறத்தாழ எங்கும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு தருகிறது. ஆகவே கிறித்தவப் பள்ளியில் மறைக்கல்வியே இருக்கக்கூடாது என்றோ, சீக்கியப் பள்ளியில் குருபாணி என்னும் மறைப்பாடல்கள் ஒலிக்கக்கூடாது என்றோ நாம் கேட்க முடியாது. நம் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளிகளில் உள்ள 25 விழுக்காட்டு ஒதுக்கீடும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்ததால், அந்த ஒதுக்கீட்டை நம்பி வருபவர்கள் விண்ணப்பப் பட்டியலைத் தயாரிக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

சமயங்களைப் பற்றி அறிவது வேறு, சமயப் போதனை வேறு. 2002இல் அருணா ராய் வழக்கில், எல்லாச் சமயங்களைப் பற்றியும் பாடத்திட்டத்தில் கற்பிப்பது 28ஆம் பிரிவுக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் புத்தரும் நபியும் பசவரும் வருவதை எதிர்த்துக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. சம்ஸ்கிருதமும் அப்படித்தான். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாம் மொழியாகச் சம்ஸ்கிருதம் வைக்கும் தில்லிப் பள்ளிகள் ஏராளம். அதைச் சமயப் பாடமாக எண்ணிப் பதறும் தமிழ்ப் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் சம்ஸ்கிருதத்தை விருப்பப் பாடமாக வைப்பது மதச்சார்பின்மைக்கு எதிரானதன்று என்று 1994இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த மொழி வேண்டாம் என்றால், வேறு மூன்றாம் மொழி உண்டா என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். சமயத்தைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பள்ளி எந்த வகை என்று கண்டுகொள்ளுங்கள்

பள்ளியின் பெயரை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கம் எது என்பதை விண்ணப்பப் படிவத்தின் அடியிலோ கட்டண ரசீதிலோ பாருங்கள்.

மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்வது கேந்திரிய வித்யாலயாவில். அங்கே தனியாகச் சமயப் பாடம் கிடையாது. ஆனால் காலைக் கூட்டத்தில் பிருகதாரண்யக உபநிஷத்திலிருந்து எடுத்த ‘அஸதோ மா ஸத்கமய’ என்னும் சம்ஸ்கிருதப் பிரார்த்தனையும் ஓர் இந்திப் பிரார்த்தனையும் இடம்பெறுகின்றன. கைகூப்பிக் கண்மூடி நின்று இவற்றைச் சொல்லச் செய்வது 28ஆம் பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை அரசியலமைப்பு அமர்வு விசாரிப்பதே பொருத்தம் என்று சொல்லிவிட்டது. வழக்கு ஒருபுறமிருக்க, புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையான சிக்கல் சமயமன்று, மொழி. மூன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை, சுற்றியுள்ள நாற்பது பேரும் ஒரே குரலில் சொல்லும் வரிகளுக்கு வெறுமனே வாயசைத்துக்கொண்டு நிற்கிறது. ஆசிரியர் அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார். பிரார்த்தனையில் உங்களுக்கு மறுப்பு இல்லையென்றால், சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 28ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே பொருந்தும். 2018 ஜூலையில் தலாய் லாமா முன்னிலையில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ பற்றிப் பலர் கேட்டிருப்பார்கள். மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் கதைகளும் கொண்டதாக வடிவமைக்கப்பட்ட அதைச் சமயப் போதனை என்று சொல்ல இடமில்லை.

டி.ஏ.வி. (தயானந்த் ஆங்கிலோ வேதிக்) பள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இவற்றைத்தான். ‘இந்துப் பள்ளிதானே, நம் வீட்டு வழக்கத்தோடு ஒத்துப்போகும்’ என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். இவை, வேதங்களை அடிப்படையாகக் கொண்ட இந்துச் சீர்திருத்த இயக்கமான ஆர்ய சமாஜத்தின், 1886இல் லாகூரில் தொடங்கிய கல்வி மரபில் வந்தவை. தர்மசிக்ஷா என்ற பெயரில் தனிப் பாடமும் அதற்கெனப் புத்தகமும் உண்டு. ஹவனம் என்னும் வேள்வியும் காயத்ரி மந்திரமும் பள்ளி வாழ்க்கையின் பகுதி. ஆர்ய சமாஜத்தின் பத்து நெறிகளில் இரண்டாவது, இறைவன் உருவமற்றவன் என்கிறது; உருவ வழிபாட்டை அந்த இயக்கம் ஏற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சுவாமிநாதன் சந்நிதியில் நின்று திருநீறு பூசி வந்த சிறுவன், திங்கட்கிழமை வகுப்பில் கடவுளுக்கு உருவம் இல்லை என்று படித்துவிட்டு வந்து, ‘அப்படியானால் நேற்று நாம் கும்பிட்டது யாரை?’ என்று கேட்பான். அது நல்ல கேள்விதான். சைவ சித்தாந்தத்திலும் அதற்கு விரிவான விடை உண்டு. அருவம், அருவுருவம், உருவம் என்று மூன்றையும் சொல்லும் மரபு நம்முடையது. ஆனால் பதிலைப் பெற்றோர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். கல்வித் தரத்துக்காக டி.ஏ.வி. பள்ளியைத் தேர்வு செய்வதில் தயக்கம் தேவையில்லை. வீட்டுச் சமயத்தை அது சொல்லிக் கொடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கத்தோலிக்கப் பள்ளிகளில் பொதுவான ஏற்பாடு வேறு. ஒரே பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குத் தனி வகுப்பறைக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ் என்னும் நன்னெறிப் பாடம் நடக்கும். 2024இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு அளித்த வழிகாட்டு நெறிகளில், பிற சமய மாணவர்மீது கிறித்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை மாணவர்கள் வாசிக்க வேண்டும் என்றும், அனைத்துச் சமயத்தாருக்குமான பிரார்த்தனை அறை ஒன்று இருக்கலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் பள்ளியில் இவை நடைமுறைக்கு வந்துவிட்டனவா என்று தயங்காமல் கேட்கலாம். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். படிவத்தில் ‘கிறித்தவர்’ என்று எழுதினால், அலுவலகத்தில் இருப்பவர் பிள்ளையைக் கத்தோலிக்க மறைக்கல்விப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். எந்தச் சபை என்பதையும் எழுதி, நன்னெறி வகுப்பா மறைக்கல்வியா என்பதை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

தில்லி சீக்கியக் குருத்வாரா நிர்வாகக் குழுவின் கீழ் வரும் குரு ஹர்கிஷன் பள்ளிகளில் சமயப் பாடமும் பஞ்சாபியும் முக்கியமானவை. சபத் என்னும் திருப்பாடலைப் பாடும்போது தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பதால் பிள்ளையின் பையில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். ஆர்.எஸ்.எஸ். சார்புடைய கல்வி அமைப்பான வித்யா பாரதியோடு இணைந்த பள்ளிகளில் சரஸ்வதி வந்தனமும் உணவுக்கு முன் போஜன மந்திரமும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், பூசா ரோடு, மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் நடத்தும் பள்ளிகள் மொழிக்காகத் தோன்றியவை. எல்லாச் சமயத் தமிழர்களின் பிள்ளைகளும் அங்கே படிப்பதால், நம் பண்டிகைகளையும் வழக்கங்களையும் ஆசிரியருக்கு விளக்க வேண்டிய தேவை குறைவு.

மூன்றாம் படி: காலைக் கூட்டத்தைப் பாருங்கள்

பள்ளியின் விளம்பரக் கையேட்டில் ‘விழுமியங்கள்’, ‘முழுமையான வளர்ச்சி’ என்றுதான் எல்லாப் பள்ளிகளும் அச்சிடுகின்றன. அதைப் படித்து ஒன்றும் தெரியாது. சேர்க்கை அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்குப் போகாமல், அனுமதி பெற்று, பள்ளி தொடங்கும் வேளையிலேயே போய் நில்லுங்கள். கூட்டத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, சொல்லாமல் நிற்கும் பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். கடைசி வரிசையில் இரண்டு பிள்ளைகள் கைகூப்பாமல் அமைதியாக நிற்கிறார்கள், யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை என்றால், அந்தப் பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் முதல்வரிடம் பேசினாலும் கிடைக்காத தகவல் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: பிள்ளை சேரப்போகும் வகுப்பின் நேர அட்டவணை, புத்தகப் பட்டியல், சென்ற ஆண்டின் பள்ளி நாட்காட்டி. அட்டவணையில் ‘தர்மசிக்ஷா’, ‘நைதிக் சிக்ஷா’, ‘டிவினிட்டி’, ‘மாரல் சயின்ஸ்’, ‘வேல்யூ எஜுகேஷன்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் வாரத்துக்கு எத்தனை வேளை, மதிப்பெண் உண்டா என்று பாருங்கள். புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தைப் புரட்டினால், பாடம் ஒரு சமயத்தை நம்பச் சொல்கிறதா, பல சமயங்களைப் பற்றிச் சொல்கிறதா, அல்லது பொய் சொல்லாதே, குப்பை போடாதே என்ற அளவில் நிற்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலானவை கடைசி வகை.

நான்காம் படி: படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள்

28ஆம் பிரிவு பெற்றோரின் இசைவைப் பற்றிப் பேசுகிறது என்றேன். அந்த இசைவு பெரும்பாலும் நீங்கள் படிக்காமல் கையெழுத்திடும் உறுதிமொழியில் ஒளிந்திருக்கும்: ‘பள்ளியின் எல்லா நடவடிக்கைகளிலும் என் பிள்ளை பங்கேற்பான்’ என்பது போன்ற ஒரு வரி. அதை அடித்துவிட்டுச் சண்டைக்கு நிற்க வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே, ‘சமய வழிபாடு, சமயப் போதனை நீங்கலாக, இது குறித்துத் தனிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

கடிதம் முதல்வருக்கு, ஆங்கிலத்திலோ இந்தியிலோ, ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. எந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கு வேண்டும் என்பது பெயர் குறிப்பிட்டு. அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருப்பான் என்பதற்கு உங்கள் யோசனை. அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு என்ற ஒரே ஒரு குறிப்பு. உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி அமையலாம்: ‘எங்கள் மகள் காலைக் கூட்டத்தில் ஒழுங்காகக் கலந்துகொள்வாள், நாட்டுப்பண்ணும் உறுதிமொழியும் சொல்வாள். வெள்ளிக்கிழமை ஹவனத்தில் மட்டும் அவள் அமர்வதற்கு 28(3)ஆம் பிரிவின்படி எங்கள் இசைவு இல்லை. அந்த நேரத்தில் அவளை நூலகத்தில் இருக்க அனுமதிக்க வேண்டுகிறோம்.’ எதில் கலந்துகொள்வாள் என்பதை முதலில் சொல்வதால் கடிதத்தின் தொனியே மாறிவிடுகிறது. நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

நாட்டுப்பண் குறித்து ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: சமய நம்பிக்கை காரணமாக நாட்டுப்பண்ணைப் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுந்து நிற்பதே மரியாதை என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

விலக்குக் கேட்கும்முன் பிள்ளையிடமும் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை எல்லோரும் போகும் இடத்துக்குப் போகாதே என்று தனியே நூலகத்தில் உட்கார வைப்பது, சில சமயம், அந்த நிகழ்ச்சியைவிடப் பெரிய சங்கடமாகிவிடுகிறது. சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு மறுப்பில்லை, வேள்வித் தீயில் ஆகுதி இடுவதற்கும் பிரசாதம் உண்பதற்கும்தான் மறுப்பு என்றால், அந்த அளவுக்கே கேட்கலாம். உரிமை முழுமையாக இருப்பதால் முழுமையாகவே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை.

ஐந்தாம் படி: திருநீறு, மாலை, டிபன் பெட்டி

வகுப்பறைச் சிக்கல்களில் பெரும்பகுதி பாடத்தால் வருவதில்லை. நம் வழக்கங்களை வடக்கத்திய ஆசிரியர் முன்பின் பார்த்திராததால் வருகிறது. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் நவம்பர் நடுவில் வெறுங்காலோடு பள்ளிக்கு வந்து நின்றால், சீருடை விதியை மீறியதாகவே உடற்பயிற்சி ஆசிரியர் எழுதுவார். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியரைச் சந்தித்து, விரதம் எத்தனை நாள், எப்போது முடியும், மாலை சட்டைக்குள் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். காலணி விஷயத்தைக் குருசாமியிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தில்லியில் டிசம்பர்க் குளிர் பள்ளி விதியைவிடக் கடுமையானது. பழனியிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை கொடுத்து மொட்டைத் தலையோடு திரும்பும் பிள்ளைக்கும் இரண்டு வரிக் குறிப்பு உதவும்; வடக்கே இறப்புச் சடங்கில் மொட்டையடிப்பது பரவலான வழக்கம் என்பதால், வீட்டில் துக்கமோ என்று ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வராது.

உணவு விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். முட்டையும் இறைச்சியும் கொண்டுவர வேண்டாம் என்று சில பள்ளிகள் சுற்றறிக்கை அனுப்புகின்றன; சில இடங்களில் நவராத்திரி நாட்களில் மட்டும் வாய்மொழியாகச் சொல்வார்கள். எழுதப்பட்ட விதியா, வகுப்பாசிரியரின் விருப்பமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளையிடம் காரணத்தையும் சொல்லி அனுப்புங்கள். ரமலான் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வேளையில் ஓய்வு கேட்டுக் கடிதம் கொடுக்கலாம். அண்மை ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சு மாதத் தேர்வுக் காலத்தோடு சேர்ந்து வருவதால், தேர்வு அட்டவணை வந்தவுடனேயே இதைப் பேசிவிடுவது நல்லது.

விடுமுறைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பொங்கல் பெரும்பாலும் குளிர்கால விடுமுறைக்குள் அடங்கிவிடும். தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14இல் வருவதால், அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறையின் புண்ணியத்தில் அதுவும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. ஆடிப்பெருக்குக்குத்தான் விடுப்புக் கடிதம் எழுத வேண்டும்.

ஆறாம் படி: தீராத பிரச்சினை என்றால்

வகுப்பாசிரியர், முதல்வர், நிர்வாகக் குழு என்ற வரிசையை மீறாதீர்கள். பெரும்பாலானவை முதல்வர் அறையிலேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால், தில்லிப் பள்ளியாயின் கல்வி இயக்குநரகத்துக்கும், நொய்டா, காஜியாபாத் என்றால் உத்தரப் பிரதேசத்தின் மாவட்டப் பள்ளி ஆய்வாளருக்கும், குருகிராம், ஃபரீதாபாத் என்றால் அரியானாவின் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுத வேண்டும். மெட்ரோவில் அரை மணி நேரத் தூரந்தான் என்றாலும் மாநிலம் வேறு, அதிகாரி வேறு. பிள்ளையை அவமானப்படுத்துவதோ தண்டிப்பதோ நடந்திருந்தால் அது சமயப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது: உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திலும் புகார் செய்யலாம். முத்திரை வாங்கி வைத்த கடித நகல் அப்போது கைகொடுக்கும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு பள்ளிக்குப் போவது காரியத்தைக் கெடுக்கும் வழி.

ஏழாம் படி: வீட்டுச் சமயத்தைக் கற்பிக்க வேறிடம் தேடுங்கள்

தமிழ்நாட்டில் தாத்தா பாட்டியும் தெருக்கோடிக் கோயிலும் செய்த வேலையைத் தில்லிப் பள்ளி செய்யாது. செய்யும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. தேவாரம், திருப்பாவை, சுலோக வகுப்புகள் பற்றி அறிய மலை மந்திரிலும் மயூர் விகார் போன்ற தமிழர் பகுதிக் கோயில்களிலும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சின்மயா மிஷனின் பாலவிஹார், சத்ய சாயி அமைப்பின் பாலவிகாஸ் ஆகியவையும் வார இறுதிகளில் நடக்கின்றன. அவற்றில் பயிற்றுமொழி எது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்முன்பே பங்குத் தந்தையிடம் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழையும், மறைக்கல்வியில் எந்த நிலை வரை முடித்திருக்கிறது என்பதற்கான கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இவை இல்லாமல் இங்கே புதுநன்மைக்கோ உறுதிபூசுதலுக்கோ பெயர் கொடுக்கும்போது அலைச்சல் நேரும், அல்லது படித்ததையே மறுபடி படிக்க நேரும். குர்ஆன் ஓதப் போகும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மக்தப் (ஓதும் பள்ளி) நேரம் பெரும்பாலும் மாலையில் அமைவதால், பள்ளிப் பேருந்து வீடு சேரும் நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டை வாடகைக்கு எடுப்பது பயன்தரும். புறநகர்களில் தமிழ் தெரிந்த உஸ்தாது கிடைப்பது அரிது. உருதுவில் விளக்கம் கேட்டுப் பழக முதல் சில மாதங்கள் பிள்ளைக்குச் சிரமமாக இருக்கும், யாரேனும் ஒருவர் வீட்டில் தமிழில் சொல்லிக் கொடுத்துவந்தால் தாக்குப்பிடித்துவிடும்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் வகுப்பாசிரியர் மாறுவார் என்பதையும், பழைய ஆசிரியருக்குத் தெரிந்த எதுவும் புதியவருக்குத் தானாகப் போய்ச் சேராது என்பதையும் நினைவில் கொண்டு, முத்திரையிட்ட கடிதத்தின் நகலைக் கல்வியாண்டின் முதல் பெற்றோர் சந்திப்பில் புதியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.